காளைத் தெரிவும் கன்றுப் பதிவும்: கால்நடை வளர்ப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகசபையினருக்கும், வன்னியின் துணுக்காய், மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கங்களிலிருந்து பட்டியை வேறொருவர் பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

வழமையான அலுவல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். மேய்ச்சல் தரைக் கோரிக்கை இந்த ஆண்டும் கடித அளவில்தான் நிற்கிறது. காலபோகம் என்ற மழைக்கால நெற்செய்கை தொடங்கினால் மாடுகளைக் காட்டுக்கரைக்குச் சாய்ப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை என்பதை மறுபடியும் எழுதியிருக்கிறோம். விடமாட்டோம்.

மீதி நேரத்தை ஒரே விடயத்துக்கு எடுத்துக்கொள்ள அனுமதி தாருங்கள். எங்கள் பட்டிகளுக்குக் காளை எப்படி அமைகிறது?

பட்டியில் நன்றாக வளர்ந்து நிற்கும் இளம் காளையான நாம்பனைத்தான் வியாபாரி முதலில் கேட்கிறார். விதைப்புச் செலவு, பிள்ளைகளின் படிப்பு என்று நாங்களும் கொடுத்துவிடுகிறோம். விலைபோகாத நாம்பன் பட்டியிலேயே நிற்கிறது, பசுக்களும் அதனிடமே சினைப்படுகின்றன. வளர்த்தியுள்ளதை விற்று, வளராததை இனத்துக்கு வைத்திருக்கிறோம். விதைநெல்லில் இப்படிச் செய்யும் கமக்காரர் வன்னியில் ஒருவரும் இல்லை. ஒரு பசு வருடத்துக்கு ஒரு கன்றுதான் போடும். ஒரு காளையோ அதே வருடத்தில் இருபது, இருபத்தைந்து கன்றுகளுக்குத் தகப்பன். அதனால் பட்டி மாறுவதென்றால் காளையில்தான் மாற வேண்டும்.

இறைச்சி மாடு வளர்க்கும் நாடுகளில் காளையைக் கண்ணால் மட்டும் பார்த்து எடுப்பதில்லை. அமெரிக்காவில் சிமென்டல் மாட்டினச் சங்கத்தார் 1971இல் முதல் தேசியக் காளைப் பட்டியலை வெளியிட்டார்கள். அவுஸ்திரேலியாவில் பிறீட்பிளான் என்ற கணிப்பு முறை இருக்கிறது. காளையின் சொந்த நிறை, தாய் தகப்பன், உடன்பிறந்தவை, போட்ட கன்றுகள் எல்லாவற்றின் பதிவையும் சேர்த்து, அதன் பரம்பரைப் பெறுமதி எவ்வளவு என்று கணிக்கிறார்கள். இப்போது மரபணுப் பரிசோதனையும் அதோடு சேர்ந்திருக்கிறது.

இதில் ஒரு விடயம் எல்லோருக்கும் விளங்க வேண்டும். அமெரிக்கப் பட்டியலிலுள்ள இ.பி.டி. என்ற இலக்கம், கன்றுகளில் எதிர்பார்க்கும் வேறுபாட்டை நேரே சொல்கிறது. அவுஸ்திரேலியாவின் ஈ.பி.வி. என்ற இலக்கம் காளையின் முழுப் பரம்பரைப் பெறுமதி. கன்றுக்குப் பாதிதான் தகப்பனிடமிருந்து வருவதால் அதைப் பாதியாக்கித்தான் பார்க்க வேண்டும். ஒரு காளைக்கு 200 நாள் வயது நிறையில் ஈ.பி.வி. +20 கிலோ, இன்னொன்றுக்கு +6 என்று வையுங்கள். ஒரேமாதிரிப் பசுக்களுக்கு விட்டால் கன்றுகளின் சராசரி வித்தியாசம் 14 அல்ல, 7 கிலோ. பக்கத்தில் நம்பகத்தன்மையும் போட்டிருப்பார்கள். கன்றுகள் கூடக்கூட அது உயரும். கன்றே போடாத இளம் காளையின் இலக்கம் பின்னர் கூடலாம், குறையலாம். ஓர் இனத்தின் இலக்கத்தை வேறோர் இனத்தோடு நேரே ஒப்பிடவும் கூடாது.

பெரிய இலக்கம் எல்லாம் எங்களுக்கு நல்லது என்றும் எடுத்துவிடாதீர்கள். வளர்ச்சி கூடிய காளைகள் பலவற்றுக்குப் பிறப்பு நிறையும் கூட இருக்கும். எங்கள் நாட்டுப் பசு சிறிய உடம்புக்காரி. பெரிய கன்று வந்தால் ஈனுவதில் கஷ்டம், சில நேரம் தாயும் போய்விடும். செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கு வரும்போது இன்ன இனம் வேண்டும் என்று மட்டும் சொல்லாமல், முதன்முறை ஈனப்போகும் இளம் பசுவான நாகுக்கு எந்தக் காளை பொருந்தும் என்றும் கேளுங்கள். வெளியில் நல்ல தீவனத்தில் எடுத்த பதிவு எங்கள் வெயிலிலும் உண்ணியிலும் அப்படியே நிற்கும் என்பதில்லை. 2022 மார்கழி மழைக்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை மாடுகள் விழுந்தன என்பதை மறந்தவர் இங்கு இல்லை. தப்பி நிற்பதும் பதிய வேண்டிய குணம்தான்.

ஆகவே எங்கள் பதிவை நாங்களே எழுத வேண்டும். காதிலக்கம், பிறந்த திகதி, தாய், தெரிந்தால் தகப்பன், ஏறத்தாழ ஏழு மாதத்தில் நிறை. தராசு தேவையில்லை, தையற்கார நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவைச் சென்ரிமீற்றரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து வாலடிக்குப் பக்கத்தில் துருத்தும் பின்னெலும்பு வரையான நீளத்தாலும் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்று 130, நீளம் 115 என்றால் ஏறத்தாழ 179 கிலோ. சரியாக அந்த நிறைதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எல்லாக் கன்றையும் ஒரே ஆள், ஒரே முறையில் அளந்தால் எது முந்துகிறது என்று தெரியும்.

ஒப்பிடுவது மட்டும் ஒரே பட்டிக்குள், ஒரே பருவத்தில் பிறந்த கன்றுகளுக்கிடையே இருக்கட்டும். இரணைமடுக் குளத்தின் கீழ் வயலில் அரிவு வெட்டிய தாளை மேய்ந்த கன்றையும், நெடுங்கேணிக் காட்டுக்கரைக் கன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புல்லைத்தான் அளக்கிறோம், இரத்தத்தை அல்ல. எடுப்பாக நிற்கும் காளைக்கு அதிக விலை கொடுத்து ஏமாறுவது இதனால்தான்.

நிர்வாகசபை இரண்டு முன்மொழிவுகளைக் கொண்டுவருகிறது. ஒவ்வொரு பட்டியிலும் பதிவில் முந்திய நாம்பன் ஒன்றை விற்காமல் காளையாக வைத்து, மற்றவற்றை இனப்பெருக்காதபடி நலமடிப்பது முதலாவது. அந்த நாம்பனை வைத்திருப்பவருக்கு விலை இழப்பு வரும் என்பதால் சங்க நிதியிலிருந்து ஒரு பங்கு கொடுப்பதை இன்று வாக்குக்கு விடுகிறோம். இரண்டாவது, காளை தன் மகள் நாகுகளையே சினைப்படுத்தாதபடி, அவை பருவத்துக்கு வருமுன் பட்டிகளுக்கிடையே காளைகளை மாற்றுவது. மாற்றுமுன் கால்நடை வைத்தியர் பரிசோதிக்க வேண்டும். நோயையும் சேர்த்து மாற்றிவிடக் கூடாது.

இறைச்சி என்ற சொல்லே மனதுக்கு ஒவ்வாத அங்கத்தவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் மனதை மதிக்கிறோம். இந்தப் பதிவு பாலுக்கும் பயன்படும். தாய்ப்பால் குறைந்தால் கன்றின் ஏழாம் மாத நிறையில் அது தெரிந்துவிடும். பசுவின் பக்கத்தில் பாலையும் எழுத ஒரு நிரல் விட்டிருக்கிறோம்.

பதிவுப் புத்தகங்கள் மேசையில் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் பட்டிக்கு ஒன்றாகக் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லுங்கள். எழுதச் சிரமப்படுபவர்கள் பெயரைத் தாருங்கள். இளைஞர் பிரிவினர் நாடாவோடு உங்கள் பட்டிக்கு வருவார்கள்.

நன்றி.

செயலாளர்