கூடோவும் அவருடைய ரிலீவர்களும்

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி கேட்டு எல்லோருக்கும் சந்தோஷம். ஜப்பான் பேஸ்பாலில் கூடோ கிமியாசுவைப் போல ஒரு மேனேஜர் (அணியை நடத்தும் தலைமைப் பயிற்சியாளர்) வரப்போவதில்லை என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் உடனே பதில் போடுகிறேன்.

சாப்ட்பேங்க் அணியை 2015 முதல் 2021 வரை ஏழு சீசன் நடத்தி ஜப்பான் சீரிஸ் என்ற இறுதித் தொடரை ஐந்து முறை வென்றவர். அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்த அணி ஆடும் பசிபிக் லீக்கில் சீசன் முடிவில் முதலிடம் மூன்று முறைதான்: 2015, 2017, 2020. 2018, 2019 இரண்டிலும் இரண்டாம் இடத்தில் முடித்துவிட்டு, கிளைமாக்ஸ் சீரிஸ் என்ற தகுதிச் சுற்று வழியாக ஏறி வந்து கோப்பையைத் தூக்கினார்கள். குறுந்தொடரில் அவரை அடிக்க ஆளில்லை. 143 ஆட்ட சீசனில் நிலைமை வேறு.

அவர் பந்து வீசிய காலத்திலேயே இதற்கு அடையாளம் இருக்கிறது. 1986 ஜப்பான் சீரிஸில் ஹிரோஷிமாவோடு முதல் ஆட்டம் டிரா, அடுத்த மூன்றும் கூடோ ஆடிய செய்பு அணிக்குத் தோல்வி. ஐந்தாவது ஆட்டத்தின் 12-வது இன்னிங்ஸில் (வழக்கமாக ஒன்பதோடு முடியும்) பிட்சரான, அதாவது பந்து வீச்சாளரான, கூடோவே மட்டையால் அடித்து ஆட்டத்தை முடித்தார். அங்கிருந்து மீதி மூன்றையும் செய்பு வென்றது. தொடர் நாயகன் விருது அவருக்கு. அடுத்த வருடமும் அவருக்கே. 1981 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களைச் சுற்று சுற்றாகத் தேர்ந்தெடுப்பது) ஆறாவது சுற்றில் எடுக்கப்பட்ட இடக்கைக்காரர், மேலேயிருந்து விழுகிற அந்த கர்வ் பந்தை வைத்துக்கொண்டு 29 சீசன், 224 வெற்றி, 2,859 ஸ்ட்ரைக் அவுட். கடைசி சீசனில் வயது 47. தன் தோளை அப்படிப் பேணிய பிட்சர் ஜப்பானில் அபூர்வம்.

மேனேஜராக அவர் செய்த நல்ல காரியம் 'இரண்டாவது ஸ்டார்ட்டர்'. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்தான் ஸ்டார்ட்டர், அவருக்குப் பின் இறங்குபவர் ரிலீவர். சீசனில் ஆறு ஸ்டார்ட்டர்கள், வாரத்துக்கு ஆளுக்கு ஒரு ஆட்டம். ஏழு ஆட்டத் தொடரில் நான்கு பேர் போதும். மீதிப்பேருக்கு வேலை இல்லை. 2018-இல் தகேதா ஷோதா, இஷிகாவா ஷூதா இருவரையும் அவர் ரிலீவர்கள் காத்திருக்கும் புல்பென்னில் உட்கார வைத்தார். ஸ்டார்ட்டர் நான்காவது இன்னிங்ஸில் தடுமாறினால் பொறுத்துப் பார்க்க மாட்டார், இவர்களில் ஒருவர் இறங்கி இரண்டு மூன்று இன்னிங்ஸைத் தாண்டி விடுவார். வழக்கமான ரிலீவருக்கு ஒரு இன்னிங்ஸ்தான் பழக்கம். ஸ்டார்ட்டரை நான்காவதிலேயே எடுத்தால் அப்படி ஐந்து பேர் வேண்டும், ஐந்தில் ஒருவருக்கு அன்று கை சரியில்லை என்றாலும் ஆட்டம் போச்சு. அந்த ஓட்டையைத்தான் அடைத்தார். 2017 ஜப்பான் சீரிஸின் ஆறாவது ஆட்டத்திலோ, கடைசி இன்னிங்ஸை முடித்துக் கொடுக்கும் க்ளோசர் டென்னிஸ் சர்ஃபாட்டியை ஒன்பதாவது இன்னிங்ஸிலிருந்து பதினொன்று வரை நிறுத்தி, அன்றைக்கே கோப்பையை வாங்கிவிட்டார். 2018-இன் மூன்றாவது ஆட்டத்திலிருந்து 2020 முடிய ஜப்பான் சீரிஸில் தொடர்ந்து 12 வெற்றி என்றால் சும்மாவா!

ரிலீவர்களை இப்படி இறக்கும் இதே பழக்கம் சீசன் முழுக்கத் தொடர்ந்ததுதான் கோளாறு. இவாசாகி ஷோ 2017-இல் 72 ஆட்டம். அடுத்த வருடம் முழங்கையில் அறுவை சிகிச்சை. காஜியா ரென் 2018-இல் 72 ஆட்டம். அடுத்த இரண்டு வருடமும் அந்த ஆட்டம் திரும்பவில்லை, 2020 முடிந்ததும் அணியை விட்டுப் போனார். புதுமுகம் காய்னோ ஹிரோஷி 2019-இல் 65 ஆட்டம். 2020-இல் முழங்கைக் காயத்தால் முதல் அணியில் ஒரு ஆட்டம்கூட இல்லை. சர்ஃபாட்டி 54 சேவ் (முன்னிலையைக் காத்து முடித்துக் கொடுத்த ஆட்டங்கள்) என்ற சாதனைக்கு மறுவருடமே விழுந்தார், ஆனால் அது இடுப்பு. அதைக் கூடோ கணக்கில் எழுத மாட்டேன். ஆட்ட எண்ணிக்கையில் தெரியாத ஒன்றும் உண்டு: புல்பென்னில் தோள் சூடேற்ற வீசுகிற பந்துகள். இரண்டு முறை எழுப்பி உட்கார வைத்து, மூன்றாவது முறை இறக்கினாலும் பதிவில் ஒரே ஆட்டம்தான்.

விளையாட்டு மருத்துவம் படிக்க 2014-இல் சுகுபா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, மேனேஜராக இருந்துகொண்டே முதுகலை முடித்தவர் இவர் என்பதுதான் வேடிக்கை. அறியாமல் செய்தார் என்று சொல்ல வழியில்லை. ஒருவர் விழுந்தால் அடுத்தவர் தயாராக இருந்தார், அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்த அணியின் வளர்ப்பு டிராஃப்ட் (பின்னாளில் தேறட்டும் என்று புதியவர்களைப் பயிற்சிக்கு எடுப்பது) அப்படி. 2010 என்ற ஒரே வருடத்தில் நான்காவது சுற்றில் செங்கா கோடாய், ஐந்தில் மகிஹாரா தைசெய், ஆறில் காய் தகுயா, மூவருமே பின்னாளில் பெரிய வீரர்கள்!

யோஷீ மசாதோவை ஒப்பிட்டுப் பார். அவரும் பிட்சர், அவரும் சுகுபாவில் படித்தவர். 2015-இல் கூடோவுக்குக் கீழே பிட்சிங் கோச்சாக இருந்து, ஒரே வருடத்தில் நிப்பான் ஹாம் அணிக்குப் போய்விட்டார். 2016-இல் பட்டியலில் 11.5 ஆட்டம் முன்னால் இருந்த சாப்ட்பேங்க்கைப் பிடித்துத் தாண்டியது அதே நிப்பான் ஹாம். ரிலீவரைக் கூடியவரை மூன்று நாள் தொடர்ந்து அனுப்பக்கூடாது, வீணாகச் சூடேற்றக்கூடாது என்பது யோஷீயின் கொள்கை. லோட்டே அணியின் மேனேஜராக 2023-இல் இரண்டாம் இடம், 2024-இல் மூன்றாம் இடம், 2025-இல் கடைசி. வேலையும் போச்சு. ஆகவே ரிலீவரைக் காப்பதே முக்கியம் என்ற என் கட்சி முழுசாக ஜெயித்தது என்று நான் சொல்லவில்லை.

உன்னிடம் ஒரு பிட்சர் இருந்து, அவரை இருவரில் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டுமென்றால் யாரிடம் கொடுப்பாய்? அடுத்த கடிதத்தில் எழுது. வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராகவன்