1942-இல் நடந்து வந்தவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பர்மா தமிழர் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1964-க்குப் பின் கப்பலில் வந்திறங்கியவர்கள், வியாசர்பாடி, பர்மா பஜார், அத்தோ கடை எல்லாம் அருமையாக எழுதப்பட்டிருந்தன. ஆனால் பர்மாவிலிருந்து தமிழர்கள் திரும்பியதே அப்போதுதான் என்பதுபோல் கட்டுரை முடிந்தது எனக்குத் தாங்கவில்லை. அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அங்கிருந்து நடந்து வந்தவள் என் அப்பத்தா.

ஐயா, அதாவது அப்பத்தாவின் கணவர், ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அந்த நகரத்து மக்களில் அன்று பாதிக்கு மேல் இந்தியர்கள். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் வந்தபோது ஜனங்கள் தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்களாம். அப்பத்தாவும் இடுப்பில் பிள்ளையோடு வாசலில்தான் நின்றிருக்கிறாள். "வெள்ளி மீன் மாதிரி மினுங்கின" என்பாள். அந்த நாளைப் பற்றி அதற்கு மேல் ஒரு சொல் வராது.

கப்பலில் இடம் கிடைக்கவில்லை. மோனிவா வரை ரயில், சின்ட்வின் ஆற்றில் படகு, கலேவாவில் இறங்கியதும் நடை. கலேவா, தமு, பாலேல், இம்பால் என்று அவள் சொல்லும் பெயர்களைக் கதைக்காகக் கட்டியவை என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன். பின்னாளில் வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தபோது அதே வரிசையில் இருந்தன. ஐயா நாற்பது நாள் நடந்தோம் என்பார். அப்பத்தா இரண்டு மாதம் என்பாள். கடைசிவரை அந்தக் கணக்கு தீரவில்லை. வெள்ளைக்காரருக்கு ஒரு வழி, நமக்கு ஒரு வழி விட்டார்கள் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே பேச்சு. இது வயதானவர்களின் மனத்தாங்கல் அல்ல. காந்தியடிகள் அந்த ஆண்டே இதை எழுதிக் கண்டித்திருக்கிறார்.

கலேவாவுக்கும் தமுவுக்கும் நடுவில் காலரா. இடுப்பில் இருந்த அந்தப் பிள்ளை, என் அத்தை, இரண்டு வயது, போய்விட்டது. தோண்ட மண்வெட்டி இல்லை. ஐயா அகப்பைக் காம்பாலும் கையாலும் மண்ணைப் பறித்து, மேலே கல் அடுக்கினாராம். அன்று என்ன கிழமை என்றுகூட அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. திதி தெரியாததால் ஆண்டுதோறும் மகாளய அமாவாசையன்று அப்பத்தா அரிசியை வறுத்து, வெல்லம் சேர்த்து, ஒரு பிடி எடுத்து வாழையிலைத் துண்டில் வைப்பாள். வழியில் அவர்கள் சாப்பிட்டது அதுதான். சுற்றி நிற்கும் எங்களுக்கு அதில் ஒரு மணி தரமாட்டாள். "பாப்பாவுக்கு" என்பாள், பெயரைச் சொல்லமாட்டாள். அவளுக்குப் பிறகு அம்மா வைத்தார், இப்போது நான் வைக்கிறேன். அத்தையின் பெயர் இன்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த ஆண்டு பர்மாவை விட்டுக் கிளம்பிய இந்தியர்கள் நான்கு லட்சத்துக்குக் குறையமாட்டார்கள் என்கிறார்கள். வழியில் மாண்டவர்கள் பல்லாயிரம். 1964-இல் வந்தவர்கள் ஒரு குடியிருப்பின் பெயராகவாவது நிற்கிறார்கள் (அவர்கள் பட்ட பாட்டுக்கு அதுவும் போதாது). 1942-இல் வந்தவர்களோ அவரவர் கிராமத்துக்குப் போய் அடங்கிவிட்டார்கள். இம்பால் என்றால் 1944-இல் நடந்த சண்டையை எழுதுகிறோம். அதே பாதையில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அரிசி முடிச்சோடு வந்தவர்களை யார் எழுதுவது?

அன்று கைக்குழந்தையாகவும் சிறுபிள்ளையாகவும் வந்தவர்கள் சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கம் ஒருவர் இருவராவது இன்னும் இருப்பார்கள். தங்கள் இதழ் ஒரு பக்கம் ஒதுக்கி வாசகர்களைக் கேட்க வேண்டும். எங்கிருந்து கிளம்பினார்கள், எந்த வழி, யார் வந்து சேரவில்லை என்று நாலு வரி போதும். தாமதம் வேண்டாம்.

எங்கள் வீட்டுக் குறிப்பை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். ரங்கூன். கலேவா, தமு வழி. வந்து சேராதது, இரண்டு வயதுப் பெண் குழந்தை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி