பதிகம் பாடுபவர் மீது புகார் வேண்டாம்

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளிக்கிழமை மாலைப் பூசையில் சுருதி சேராமல் உரக்கப் பதிகம் பாடும் பெரியவர் மீது, வழிபாட்டுக்கு இடையூறு செய்வோரைத் தண்டிக்கும் வட கரோலினா மாநிலச் சட்டத்தின்கீழ் காவல்துறையில் புகார் கொடுக்கலாம் என்று நிர்வாகக் குழுவில் பேசப்பட்டதாக அறிந்து மிகவும் வருந்தினேன். மற்றக் கோயில்களிலும் இப்படிப் பேச்சு எழக்கூடும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

இதே மாநிலத்தில் இப்படி ஒரு வழக்கு ஏற்கெனவே நடந்திருக்கிறது. ராபசன் மாவட்டத்து மெதடிஸ்ட் சபை ஒன்றில் வில்லியம் லிங்க்ஹா என்பவர் பாடினால், மற்றவர்கள் அடியை முடித்து ஓய்ந்த பிறகும் அவர் குரல் மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கும். சபையில் ஒரு சாரார் சிரிப்பார்கள், மறு சாரார் கோபம் கொள்வார்கள். ஒருமுறை போதகர் பாட்டைப் பாடவிடாமல் வாசித்தே முடித்துவிட்டார். பாடாதிருக்கும்படி சபையார் கேட்டபோது, கடவுளை வழிபடுவேன், பாடுவது அந்த வழிபாட்டில் என் கடமை என்று அவர் சொல்லிவிட்டார். வழக்கு நீதிமன்றம் சென்றது. சாட்சி ஒருவர் அவரைப் போலவே பாடிக் காட்ட, நீதிபதி உட்பட மன்றமே சிரித்தது. ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்றார்கள். அபராதம் ஒரு சென்ட்.

அந்த ஒரு சென்ட்டையும் அவர் ஏற்கவில்லை, மேல்முறையீடு செய்தார். 1873இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. அவருக்கு வழிபாட்டைக் கலைக்கும் நோக்கம் இல்லை என்பதை அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவரைத் திருத்துவது சபையின் வேலை, நீதிமன்றத்தின் வேலை அன்று என்பதே தீர்ப்பின் சாரம். மற்றவர்களுக்குத் தொல்லை நேர்ந்தது உண்மைதான் என்றாலும், தொல்லை நேர்ந்ததாலேயே அதைச் செய்தவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை என்ற இந்த வேறுபாட்டைக் குழு உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்றைய வட கரோலினாச் சட்டமும் சமய வழிபாட்டைக் குலைப்பதைப் பொது ஒழுங்குக் குற்றங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. அதிலும் 'வேண்டுமென்றே' என்ற சொல் இருக்கிறது. கலிபோர்னியாவின் குற்றவியல் சட்டம் 302ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறையும் ஆயிரம் டாலர் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. அங்கும் நோக்கம் வேண்டும். 1994ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, வழிபாட்டுத் தலத்தில் வன்முறையாலோ மிரட்டலாலோ வழியை மறித்தோ வழிபடுவோரைத் தடுப்பவர்களுக்கு எதிரானது. சிறுபான்மையாக வாழும் நமக்கு இவை பெரிய காப்பு. பூசை நடக்கும்போது யாரேனும் உள்ளே புகுந்து நம்மை இழித்துக் கூச்சலிட்டால், ஒரு நிமிடமும் தயங்காமல் காவல்துறையை அழையுங்கள்; முதல் சாட்சியாக நான் வருவேன். அந்தக் காப்பை நம் பக்தர் ஒருவர் மீதே திருப்புவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கோயில் இடத்தின் பொறுப்பாளர்கள் என்ற முறையில் ஒருவரை வெளியேறச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவரைச் சற்று அருகில் சென்று பாருங்கள். பிளாஸ்டிக் உறையிட்ட பழைய நோட்டுப் புத்தகத்தில் தம் கையால் எழுதி வைத்த பதிகங்களைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டு பாடுகிறார். காதும் மந்தம், மணியோசை நின்றதுகூட அவருக்குத் தெரிவதில்லை. அபிஷேகம் தொடங்கும் முன் அவருக்கென்று பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தீபாராதனையின்போது அருகில் இருப்பவர் மெல்லக் கையைத் தொட்டால் நிறுத்திவிடுவார். சென்ற மாதம் நான் தொட்டேன், உடனே நோட்டை மூடிக் கைகூப்பினார்.

வரும் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கே வந்து அவர் பக்கத்தில் அமர்கிறேன். குழுக் கூட்டத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கோயிலுக்கு வரும் ஒரு வழக்கறிஞர்