பதிவு எண் கிடைத்ததோடு வேலை முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு டெண்டர்களில் கலந்துகொள்ளச் சிறு வணிகர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அவசியமான கட்டுரை. ஆனால் "பதிவு செய்யுங்கள்" என்ற இடத்திலேயே அது நின்றுவிட்டது. தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் கேட்டரிங், துப்புரவு, சீருடைத் தையல் என்று நடத்தும் நம்மவர்களில் பலர் பதிவு செய்தும் ஒரு ஆர்டரைக்கூடப் பார்க்கவில்லை. விலையைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே அவர்கள் விண்ணப்பம் கழிக்கப்பட்டுவிடுகிறது.

முதலில் ஒரு விஷயம். தேசிய நிதித்துறையின் வழங்குநர் தரவுத்தளமான சி.எஸ்.டி.யில் பதிவு செய்யக் கட்டணமே கிடையாது. ஆயிரக்கணக்கில் ரேண்ட் வாங்கிக்கொண்டு "நம்பர் எடுத்துத் தருகிறேன்" என்பவர்களிடம் போக வேண்டாம். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அவர்கள் தங்கள் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் போட்டுப் பதிவு செய்துவிடுவார்கள். பிறகு கொட்டேஷன் கேட்டு வரும் அழைப்பெல்லாம் அவர்களுக்குத்தான் போகும். கடவுச்சொல்லும் அவர்கள் கையில்.

பதிவில் அதிகம் சிக்குவது வங்கிக் கணக்கு. கம்பெனிகளைப் பதிவு செய்யும் ஆணையமான சி.ஐ.பி.சி.யில் கம்பெனி பதிவான பிறகும், முன்பு சொந்த அடையாள எண்ணில் திறந்த பழைய கணக்கையே பலர் கொடுக்கிறார்கள். சி.எஸ்.டி. அந்தக் கணக்கை வங்கியோடு சரிபார்க்கும்போது கம்பெனிப் பதிவு எண்ணைத்தான் தேடும். வங்கியில் இருப்பதோ முதலாளியின் அடையாள எண். சரிபார்ப்பு தோற்றுவிடும். பெயர்ப்பலகையில் உள்ள கடைப்பெயர் வேறு, சி.ஐ.பி.சி.யில் உள்ள பெயர் வேறு என்றாலும் தொல்லைதான். கம்பெனி பெயரில், கம்பெனி எண்ணில் புதுக் கணக்கு திறந்த பிறகே சி.எஸ்.டி.க்குப் போவது நல்லது.

அடுத்து, என்ன விற்கிறீர்கள், எங்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள் என்ற இரண்டு பகுதிகள். அலுவலகங்கள் கொட்டேஷன் கேட்க ஆள் தேடுவது இவற்றை வைத்துத்தான். துறைகள் 10 லட்சம் ரேண்ட் வரையிலான கொள்முதலைப் பெரிய டெண்டர் இல்லாமல் எழுத்துமூல விலைப்புள்ளி வாங்கியே முடித்துக்கொள்ளலாம்; சிறு வணிகருக்கு உண்மையான வாய்ப்பு இங்கேதான். சமையல் செய்பவர் "உணவுப் பொருள்" என்று மட்டும் குறித்துவிட்டு "கேட்டரிங் சேவை"யை விட்டால், தேடலில் அவர் பெயரே வராது. எல்லாவற்றையும் குறித்து வைப்பதும் உதவாது. செய்கிற தொழிலைத் துல்லியமாகக் குறியுங்கள்.

வரி நிலை நாளுக்கு நாள் மாறக்கூடியது. சி.எஸ்.டி. நேரடியாக வரித்துறையான சார்ஸிடமிருந்து அதை எடுக்கிறது. வருமானம் இல்லாத வருடத்திலும் ரிட்டர்ன் போட வேண்டும். வேலையாட்கள் இருந்து சம்பள வரிக்குப் பதிவு செய்திருந்தால் மாதம் 7-ஆம் தேதிக்குள் அந்தப் படிவம் போயாக வேண்டும். ஒன்று விட்டாலும் நிலை "இணங்கவில்லை" என்று மாறிவிடும். டெண்டர் உங்களுக்கு வரும் கட்டத்தில் இது தெரிந்தால் சரிசெய்ய 7 வேலை நாள் கொடுப்பார்கள். பழைய பாக்கி மூன்று வருடத்துக்கு இருந்தால் அந்த ஏழு நாள் எந்த மூலைக்கு? சி.ஐ.பி.சி.யின் ஆண்டு ரிட்டர்னும் இப்படித்தான். சில்லறைக் கட்டணம்தான், ஆனால் தொடர்ந்து விட்டால் கம்பெனியையே பதிவேட்டிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

நகராட்சி டெண்டர் என்றால் கூடுதலாக ஒன்று: கம்பெனியோ இயக்குநர்களோ நகராட்சிக்குக் கட்ட வேண்டிய வரியும் தண்ணீர்க் கட்டணமும் மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி இருக்கக்கூடாது. வாடகைக் கடை என்றால் வாடகை ஒப்பந்தத்தை இணையுங்கள்.

இனி புள்ளிக் கணக்கு. இதைப் புரிந்துகொள்ளாமல் விலையை அடிமாட்டு விலைக்கு இறக்கி நஷ்டப்படுகிறார்கள். 50 மில்லியன் ரேண்ட் வரை விலைக்கு 80 புள்ளி, குறிப்பிட்ட இலக்குகளுக்கு (முன்பு வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களின் தொழில் என்பது போன்றவை) 20. மிகக் குறைந்த விலை 100,000 ரேண்ட், உங்களுடையது 110,000 என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதம் கூடுதல், ஆகவே 80-இல் 8 போய் உங்களுக்கு 72. குறைந்த விலைக்காரருக்கு இலக்குப் புள்ளி ஒன்றுமில்லை, உங்களுக்கு 10 உண்டு என்றால் 82-க்கு 80; ஆர்டர் உங்களுக்கு. இலக்குகள் என்ன, எந்த ஆதாரம் வேண்டும் என்பதை 2022 விதிகளின்படி அந்தந்த அலுவலகமே டெண்டரில் சொல்லும். டெண்டரோடு வரும் எஸ்.பி.டி. 6.1 படிவத்தில் நீங்கள் கோரினால்தான் அந்தப் புள்ளிகள் கிடைக்கும். கட்டத்தைக் காலியாக விட்டால் பூஜ்யம்.

ஆதாரமாகப் பெரும்பாலும் பி.பி.பி.இ.இ. (கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டுச் சட்டம்) அஃபிடவிட், அதாவது உறுதிமொழிப் பத்திரம், கேட்பார்கள். ஆண்டு விற்றுமுதல் 1 கோடி ரேண்ட் வரை உள்ள பொதுத் தொழில்களுக்கு இது போதும். காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை. பிறப்பாலோ வம்சாவளியாலோ குடிமக்களான இந்தியர்களும் இச்சட்டத்தில் "கறுப்பின மக்கள்" என்ற வரையறைக்குள் வருகிறார்கள் என்பது நம்மில் பலருக்கு இன்னும் தெரியவில்லை. காவல் நிலையத்தில் இலவசமாகவே முத்திரை போட்டுத் தருவார்கள். அங்கே கவனமாக இருங்கள்: நீங்கள் அதிகாரியின் கண்முன் கையெழுத்திட வேண்டும். முதல் நாள் வீட்டில் கையெழுத்திட்டு மறுநாள் முத்திரை வாங்கினால் இரண்டு தேதியும் வேறாக நிற்கும். அந்தத் தாள் செல்லாது. நிதியாண்டு முடிவுத் தேதியை எழுத மறப்பதும் அடிக்கடி நடக்கிறது. 12 மாதம்தான் ஆயுள்.

அரசோடு உள்ள தொடர்புகளை அறிவிக்கும் எஸ்.பி.டி. 4 படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். அரசு ஊழியர் ஒருவர் இயக்குநராக இருந்துகொண்டு அரசோடு வியாபாரம் செய்யக்கூடாது. மனைவியோ தம்பியோ அரசு வேலையில் இருந்து, உங்கள் கம்பெனியில் பங்கில்லை என்றால் அது தடையில்லை. அந்த உறவை எழுதினால் போதும். எழுதாமல் விட்டு, பிறகு தெரியவந்தால்தான் வினை.

ஆர்டர் எண் இல்லாமல் ஒரு பெட்டிகூட இறக்காதீர்கள். "அவசரம், பேப்பர் பிறகு வரும்" என்று தொலைபேசியில் சொல்பவரை நம்பிச் சரக்கு கொடுத்தால், அந்தச் செலவே முறைகேடாகக் கருதப்பட்டுப் பணம் முடங்கும். 30 நாளில் பணம் தர வேண்டும் என்பது விதி. அந்த நாள் எண்ணப்படுவது பில் போய்ச் சேர்ந்த தேதியிலிருந்து. ஆகவே பில்லின் நகலில் ஆர்டர் எண்ணை எழுதி, பெற்றுக்கொண்ட அலுவலகத்தின் முத்திரையும் தேதியும் வாங்காமல் கவுன்டரை விட்டு நகர வேண்டாம்.

இப்படிக்கு,
சிறுதொழில் கணக்கர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்