3306 தேவர்களும் ஒரு பிரம்மமும்

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். இங்கே அனைவரும் நலம். உங்கள் நலத்தையும் அம்மாவின் நலத்தையும் அறிய ஆவல். பிராங்க்ஃபர்ட்டில் குளிர் தணிந்துவிட்டது, குழந்தைகளும் ஜெர்மன் மொழியில் தடையின்றிப் பேசுகிறார்கள்.

கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எங்கள் பூஜை அலமாரியில் பிள்ளையாரும் முருகனும் பெருமாளும் அம்பாளும் வரிசையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, மொத்தம் எத்தனை கடவுள்கள் என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். நீங்கள் சொல்லிக்கொடுத்த பிருகதாரண்யக உபநிடதத்தின் மூன்றாம் அத்தியாயம்தான் அப்போது கைகொடுத்தது. ஜனகரின் சபையில் சாகல்யர் என்ற பண்டிதர் யாக்ஞவல்கிய முனிவரிடம் இதே கேள்வியைக் கேட்கிறார். முதலில் 3306 என்று பதில் வருகிறது. அவர் விடாமல் கேட்கக் கேட்க, அது 33 ஆகி, 6, 3, 2, ஒன்றரை என இறங்கி ஒன்றில் வந்து நிற்கிறது. ஒன்றரை என்பது வீசும் காற்று. ஒன்று என்பது பிராணன், அதாவது உயிர்மூச்சு; அதுவே எல்லாவற்றுக்கும் மூலமான பிரம்மம். அந்த ஒன்றரையைக் கேட்டதும் பெரியவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. ஒரு தாளை வாங்கி எண்களை வரிசையாகக் குறித்துக்கொண்டார்.

அப்படியானால் உண்மையில் ஒரே கடவுள்தான், மற்றவை வெறும் கதைகள் என்று அவர் முடிவுக்கு வந்தபோது என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 3306 என்பது 33 தேவர்களின் மகிமை என்றுதான் யாக்ஞவல்கியர் சொல்கிறார், பொய் என்று சொல்லவில்லை. அதே அத்தியாயத்தில், மண்ணில் உறைந்து, மண் அறியாதபடி, மண்ணையே உடலாகக் கொண்டு, அதை உள்ளிருந்து நடத்துபவன் எவனோ அவனே உன் ஆத்மா, அந்தர்யாமி என்று உத்தாலக முனிவருக்குச் சொல்லத் தொடங்கி, நீர், நெருப்பு, காற்று, சூரியன், கண், மனம் என ஒவ்வொன்றுக்கும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போகிறார். எல்லாவற்றுக்கும் மேலே தனியாக வீற்றிருக்கும் ஒருவரைத் தேடி வந்த பெரியவர், எல்லாவற்றுக்குள்ளும் இருக்கும் ஒன்றைக் கேட்டு வெகுநேரம் யோசித்தார்.

இந்த ஊருக்கு உபநிடதம் புதிதன்று, அப்பா. முகலாய இளவரசர் தாரா ஷிகோ 1657இல் காசிப் பண்டிதர்களின் துணையோடு 50 உபநிடதங்களைப் பாரசீகத்துக்குக் கொண்டுவந்தார். பிரெஞ்சு அறிஞர் ஆங்க்கெத்தில் துப்பெரோன் அவற்றை இலத்தீனாக்கி 1801-02இல் வெளியிட்டார். 1833 முதல் 1860இல் இறக்கும்வரை இங்கே வாழ்ந்த ஜெர்மன் தத்துவஞானி ஷோப்பன்ஹவர் அந்த நூலைத் தம் வாழ்வின் ஆறுதல் என்றே போற்றினார். பெரியவர் என்னை அவருடைய கல்லறைக்கு அழைத்துப்போனார். தரையோடு படிந்த கருங்கல்லில் பெயரைத் தவிர, பிறந்த தேதிகூட இல்லை.

பிரம்மம் ஒன்றே உண்மை, உலகம் வெறும் தோற்றம் என்னும் சங்கரரின் அத்வைத வழியில் நீங்கள் உறுதியாக நிற்பவர். எனக்கோ இந்த அந்தர்யாமிப் பகுதியைப் படிக்குந்தோறும் உலகத்தைப் பிரம்மத்தின் உடலாகக் காணும் ராமானுஜரின் பக்கமே மனம் சாய்கிறது. உலகம் பிரம்மத்தின் உடல் என்றால் அந்த உடலும் உண்மையாகத்தானே இருக்க வேண்டும்? மண் அவனுக்கு உடல் என்று வரும் இடத்தில் சங்கரர் தம் பாஷ்யத்தில் (உரையில்) தரும் விளக்கத்தை, என் கருத்துக்கு உங்கள் மறுப்பையும் சேர்த்து, விரிவாக எழுதி அனுப்புங்கள். பெரியவரும் அதைக் கேட்கக் காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்