குடும்ப வரலாற்று வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இங்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வர இயலாமற்போன பெரும்பான்மை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பின் நமது வட்டத்தின் மாதக் கூட்டங்கள் கோடை விடுமுறை நீங்கலாக நடைபெற்றன. பொங்கல் விழா வழக்கம்போல் சிறப்பாக நடந்தேறியது. சிறுவர்களுக்கு வம்சாவளி வரையும் பயிற்சி அளிக்கப்பட்டது. நூலகப் பயணம் பனிப்பொழிவினால் ஒத்திவைக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது.

இவ்வாண்டின் முதன்மைப் பணியைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. அது வட்டத்தின் பணியா, செயலாளரின் சொந்த விருப்பமா என்ற கேள்வி செயற்குழுவிலேயே எழுப்பப்பட்டதால் இந்த விரிவு தவிர்க்க முடியாததாகிறது. ஓர் ஆங்கிலக் குடும்பம் தன் ஊரைவிட்டு அமெரிக்கக் குடியேற்றத்துக்கு வந்த தடத்தை ஆவணங்களின் வழியே பின்தொடர்வது என்று முடிவானபோது, பலர் வாஷிங்டன் குடும்பத்தையே விரும்பினர். நார்தாம்ப்டன்ஷயரில் உள்ள அவர்களது சல்கிரேவ் மாளிகை புகழ்பெற்றது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அதே மாவட்டத்தின் எக்டன் கிராமத்தைச் சேர்ந்த பிராங்க்ளின் குடும்பத்தை நான் முன்மொழிந்ததற்குக் காரணம் உண்டு. மாளிகைக்காரர்களின் வம்சாவளியை எழுதிவைக்க எக்காலத்திலும் ஆள் இருக்கும். ஏறத்தாழ 30 ஏக்கர் நிலமும் ஒரு கொல்லுப்பட்டறையும் மட்டுமே வைத்திருந்தவர்களின் முன்னோரை எப்படித் தேடுவது என்பதே நம்மைப் போன்றோர் கற்க வேண்டியது. தவிரவும், அக்குடும்பத்தின் பாஸ்டன் கல்லறை நாம் ரயிலேறிப் போய்ப் பார்க்கக்கூடிய தொலைவில், கிரானரி இடுகாட்டில் இருக்கிறது. பார்க்கப் போவதற்காக நாள் குறித்தபோது எத்தனை பேர் வந்தார்கள் என்பதை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

இக்குடும்பத்தின் தடத்தை முதலில் தேடியவர்கள் அக்குடும்பத்தாரே. பாஸ்டனுக்குக் குடிபெயர்ந்த ஜோசையா பிராங்க்ளினின் அண்ணன் பெஞ்சமின், 1717-இல் எக்டன் பிராங்க்ளின்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதிவைத்தார். அவர் பெயரையே தாங்கிய தம்பி மகன், உலகறிந்த பெஞ்சமின் பிராங்க்ளின், 1758-இல் தம் மகன் வில்லியமுடன் எக்டனுக்குச் சென்று தேவாலயப் பதிவேட்டைப் புரட்டினார். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு திருச்சபைப் பங்கும் பதிய வேண்டும் என்ற ஆணை 1538-இலேயே பிறந்துவிட்டது. ஆனால் எக்டனில் 1555-க்கு முந்திய பதிவு இல்லை என்று அவர் எழுதினார். ஐந்து தலைமுறைகளாகக் கடைசி மகனுக்குக் கடைசி மகனாகத் தாம் பிறந்திருப்பதையும் அவர் அங்கேதான் கண்டறிந்தார். குடும்ப வழக்கப்படி மூத்த மகன் கொல்லுத்தொழிலையும் நிலத்தையும் பெறுவான். கடைக்குட்டிகளின் வரிசையில் வந்தவர்கள் வேறு பிழைப்புத் தேட வேண்டியதாயிற்று.

கல்லறைகளைப் பற்றிய செய்தி இன்னும் சுவையானது. எழுத்துகள் தெரியாத அளவுக்குப் பாசி படர்ந்திருந்ததால், ஊர்க் குருவானவரின் மனைவி ஒரு கெட்டியான தூரிகையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் கொண்டுவரச் செய்தார். பீட்டர் கற்களைத் தேய்த்துக் கழுவ, வில்லியம் வாசகங்களைப் படியெடுத்தார் என்று பிராங்க்ளின் தம் மனைவிக்கு எழுதினார். இந்தப் பீட்டர், பிலடெல்பியாவிலிருந்து அவர்கள் உடனழைத்துச் சென்ற அடிமை. ஒரு குடும்பம் தன் வேரைத் தேடிய அந்நாளில் கையை நனைத்தவருக்குத் தம் முன்னோரைத் தேட எந்தப் பதிவேடும் இருந்திருக்காது என்பதை உறுப்பினர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நான் கூட்டத்தில் சொன்னபோது, அது தலைப்புக்குப் புறம்பானது என்று ஒருவர் குறுக்கிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை.

இனிக் குடிபெயர்வுக்கு வருவோம். எக்டனில் 1598-இல் பிறந்த தாத்தா தாமஸுக்கு வளர்ந்து ஆளான மகன்கள் நால்வர்: தாமஸ், ஜான், பெஞ்சமின், ஜோசையா. மூத்தவர் கொல்லர், பத்திரம் எழுதுவதிலும் தேர்ந்து ஊருக்கு வேண்டியவரானார். ஜான் பான்பரியில் துணிகளுக்குச் சாயமேற்றினார். ஜோசையா அவரிடமே தொழில் பழகினார். அரசுத் திருச்சபையோடு ஒத்துப்போகாத போதகர்களின் கூட்டங்களைச் சட்டம் தடைசெய்திருந்த காலம் அது. பெஞ்சமினும் ஜோசையாவும் அந்தப் போதகர்களின் பக்கம் நின்றார்கள். மற்ற உடன்பிறந்தார் பழைய சபையிலேயே இருந்துவிட்டனர். ஆக, ஒரே வீட்டில் வளர்ந்தவர்களில் சிலர் புறப்பட்டதும் சிலர் தங்கியதும் வறுமையால் மட்டும் நேர்ந்ததன்று.

ஜோசையா மனைவி ஆனுடனும் மூன்று குழந்தைகளுடனும் கடல் கடந்த ஆண்டு ஏறத்தாழ 1682 என்று அவர் மகன் எழுதினார். அக்காலத்தில் பாஸ்டனில் வந்திறங்கியோருக்கு முறையான பயணியர் பட்டியல் கிடையாது. ஆகவே பிள்ளைகளின் பிறப்பைக் கொண்டுதான் கணக்கிட வேண்டும். உடன் வந்த மூன்றாவது குழந்தையான ஹன்னா பிறந்தது 1683-இல் என்பதால், பயணமும் 1683-ஆகவே இருக்க முடியும். பாஸ்டனில் சாயத்தொழிலுக்குப் போதிய வேலை இல்லாததால் அவர் கொழுப்பை உருக்கி மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்யலானார். ஆன் 1689-இல் இறந்தபின், நான்டக்கெட் தீவைச் சேர்ந்த அபையா போல்ஜரை அதே ஆண்டில் மணந்தார். இரு மனைவியரிடமும் பிறந்த பிள்ளைகள் 17 பேர்.

கிரானரி இடுகாட்டில் பெற்றோருக்குப் பிராங்க்ளின் வைத்த கல் சிதைந்து, 1827-இல் அவ்விடத்தில் கருங்கல் தூண் எழுந்தது. ஜோசையா 1655-இல் பிறந்து 1744-இல், தம் 89-ஆம் வயதில் இறந்தார் என்கிறது அதன் வாசகம். ஆனால் அவர் பிறந்தது 1657 டிசம்பரில். இறந்தது இன்றைய கணக்கில் 1745 ஜனவரியில். இறப்பு ஆண்டில் பிழை இல்லை. 1752-இல் நாட்காட்டி மாறும்வரை ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்ததால், அந்த ஜனவரி பழைய கணக்கில் 1744-ஐச் சேர்ந்தது. பிறந்த ஆண்டுதான் பிழை. வயது 87 என்றே இருந்திருக்க வேண்டும். எக்டன் பதிவேட்டை நேரில் பார்த்து வந்த மகனும் 1771-இல் தம் வரலாற்றை எழுதும்போது 89 என்றே எழுதியிருக்கிறார். பெரிய மனிதர் சொன்னார் என்பதற்காக எதையும் சரிபாராமல் படியெடுக்கக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதை நச்சரிப்பு என்று கருதுவோர் இந்தக் கல்லை ஒருமுறை சென்று பார்க்கலாம்.

எக்டன் கல்லறைகளைப் படியெடுத்த வில்லியமோ, அமெரிக்க விடுதலைப் போரில் அரசர் பக்கம் நின்று, 1782-இல் இங்கிலாந்துக்கே திரும்பி, 1813-இல் லண்டனில் இறந்தார். நமது வம்சாவளிப் படத்தில் இந்தத் திரும்பிய கிளையையும் சேர்த்துள்ளேன். படம் பின்சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. தேநீருக்குச் செல்லும் வழியில் காணலாம்.

நிதிநிலையைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறக்குறைய ஒன்றாகவே உள்ளன. பதிவேட்டு நகல்களுக்கான கட்டணம் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதலாயிற்று. விவரம் வேண்டுவோருக்குப் பொருளாளர் அவர்கள் தனியே விளக்குவார்கள். சந்தா நிலுவையைப் பற்றிப் பெயர் குறிப்பிட்டுப் பேச நான் விரும்பவில்லை. ஜோசையாவின் மூத்த அண்ணன் தாமஸ் எக்டன் ஊர்த் தேவாலயக் கோபுரத்துக்கு இசைமணி அமைக்கச் சந்தா திரட்டத் தொடங்கி, திரட்டியும் முடித்தார் என்பதையும், பல்லாண்டுகள் கழித்து வந்த தம்பி மகன் அந்த மணி ஒலித்ததைக் கேட்டார் என்பதையும் மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். அதே ஊரில் அவரைச் சிலர் மந்திரவாதி என்றே நினைத்தார்களாம். சந்தாவை முழுமையாக வசூலித்தவரை வேறு எப்படித்தான் நினைத்திருப்பார்கள்?

அரங்கை இலவசமாக அளித்தவர்களுக்கும், தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் அணியினருக்கும், கணக்கைச் சரிபார்த்த தணிக்கையாளர் ஐயா அவர்களுக்கும், பழைய கையெழுத்துகளை வாசிப்பதில் எனக்கு உறுதுணையாக இருந்த கல்லூரி மாணவிக்கும் வட்டத்தின் சார்பில் நன்றி. அம்மாணவி மேற்படிப்புக்காக வெளியூர் செல்வதால் அந்த உதவி இனிக் கிடைக்காது.

வரும் ஆண்டில் அபையாவின் தந்தையார் பீட்டர் போல்ஜரின் தடத்தை, இங்கிலாந்தின் நாரிச் நகரிலிருந்து நான்டக்கெட் வரை தேடலாம் என்பது என் கருத்து. அதற்கு 17-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தைப் பொறுமையாக வாசிக்கக்கூடிய இருவராவது வேண்டும். என் உடல்நிலையும் இல்லத்தார் எண்ணமும் இப்பொறுப்பில் தொடர்வதற்கு உகந்தனவாக இல்லை என்பதைச் செயற்குழுவுக்குத் தெரிவித்துவிட்டேன். எனினும் தகுந்தவர் முன்வரும்வரை பணி நின்றுபோக நான் விடமாட்டேன். விருப்பமுள்ளோர் தம் பெயரை வாயிலருகே உள்ள ஏட்டில் எழுதலாம். அதே மேசையில்தான் பொருளாளர் அவர்களும் ரசீதுப் புத்தகத்துடன் அமர்ந்திருக்கிறார்கள்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்