கிரீஸ் கன் வாங்குமுன்: நாமக்கல், சங்ககிரி லாரி உரிமையாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். லாரிப் பராமரிப்பே பிழைப்பாக வாழும் பலரில் ஒருவனாக இதை எழுதுகிறேன். நம் பட்டறைகளிலும் சர்வீஸ் ஸ்டேஷன்களிலும் வண்டியின் உராயும் பாகங்களுக்குக் கிரீஸ் செலுத்தக் கையால் அடிக்கும் கிரீஸ் கன் மெல்ல விடைபெற்று, கம்ப்ரசர் காற்றில் ஓடி வாளியிலிருந்து கிரீஸைத் தள்ளும் பக்கெட் பம்பும் பேட்டரி கன்னும் அந்த இடத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. இந்த மாற்றத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். வண்டிக்கு அடியில் உள்ள பிட் என்ற பள்ளத்துக்குள் நின்று, தலைக்கு மேல் கையை உயர்த்தி, ஒரு டிரெய்லர் முழுவதற்கும் கிரீஸ் அடிப்பவரின் தோள் பாதியிலேயே ஓய்ந்துவிடுகிறது. எட்டாத இடத்தில் இருக்கும் நிப்பிள்கள் (கிரீஸ் உள்ளே போகும் சிறு வாய்கள்) அன்று விடுபட்டால் அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால், எந்த இடத்துக்கு எந்தக் கன் என்று முடிவு செய்யாமல், வேகமான ஒரே பம்பை வாங்கி வண்டியின் எல்லா நிப்பிளிலும் மாட்டுவது, கூலியில் மிச்சமாகும் பணத்தைப் பிரேக்கிலும் ஜாயிண்டிலும் பன்மடங்காகச் செலவழிக்க வைக்கும் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

பக்கெட் பம்புகளில் பரவலாகக் கிடைப்பது 50:1 விகிதம் கொண்டது, அதாவது காற்றின் அழுத்தத்தை ஐம்பது மடங்காக்குவது. 120 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) காற்றைக் கொடுத்தால், கணக்குப்படி 6,000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் கிரீஸ் வெளிவரும். பேட்டரி கன்களில் 10,000 பிஎஸ்ஐ என்றுகூட எழுதியிருப்பார்கள். கையால் அடிக்கும் கன்னிலும் ஆயிரக்கணக்கான பிஎஸ்ஐ உண்டாகத்தான் செய்கிறது. வேறுபாடு அழுத்தத்தில் இல்லை. எதிர்ப்பு கூடும்போது அடிப்பவரின் கை அதை உணர்ந்து நின்றுவிடுகிறது, மோட்டாரும் காற்றும் நிற்பதில்லை. ஆகவே, அதிக அழுத்தம் என்ற ஓர் எண்ணை மட்டும் பார்த்து எந்தக் கன்னையும் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

பட்டை ஸ்பிரிங்கைச் சேசிஸோடு இணைக்கும் ஸ்பிரிங் பின், ஷேக்கிள் பின் போன்ற இடங்களுக்குப் பக்கெட் பம்பு நல்ல துணை. அங்கே பழைய கிரீஸும் மண்ணும் வெளியே தள்ளப்படும்வரை தாராளமாக அடிக்கலாம். சேசிஸை ஜாக்கியில் சற்றே தூக்கிப் பின்னின் மேல் உள்ள பாரத்தைக் குறைத்துவிட்டு அடித்தால், தேய்மானம் நிகழும் பக்கத்துக்கும் கிரீஸ் போய்ச் சேரும். இறங்கி நிற்கும் வண்டியில் எவ்வளவு அடித்தாலும் அது பாரமில்லாத பக்கமாகவே வழிந்துவிடும்.

டிரம்முக்குள் பிரேக் ஷூவை விரிக்கும் தண்டான பிரேக் கேம் ஷாஃப்ட்டின் கதை வேறு. அது ஒரு குழாய்க்குள் சுழல்கிறது. அந்தக் குழாயின் இரு முனைகளிலும் சீல் உண்டு. சீல்களைச் சரியான திசையில் போட்டிருந்தால், டிரம் பக்கத்துச் சீல் கிரீஸைத் தடுத்து நிறுத்தும். மறுமுனையில், பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் பக்கத்துச் சீல் மிகுதியை வெளியே விடும். எனவே மெதுவாக அடித்து, அட்ஜஸ்டர் பக்கத்தில் புது கிரீஸ் எட்டிப் பார்த்ததும் நிறுத்த வேண்டும். அங்கே ஒன்றுமே தெரியாமல் கிரீஸ் மட்டும் தடையின்றிப் போய்க்கொண்டே இருந்தால், அது டிரம்முக்குள் போகிறது என்று பொருள். உடனே நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றிச் சீலைப் பார்ப்பதே வழி. வேகமான பம்பில் இதைக் கவனிக்க அவகாசமே இருப்பதில்லை. டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனிங்கில் கிரீஸ் ஊறிவிட்டால் அது துடைத்துப் பயன்படுத்தக்கூடியதல்ல, மாற்றியே தீர வேண்டும். ஒரு பக்கச் சக்கரம் பிடிக்காமல், பாரம் ஏற்றிய வண்டி மலைப்பாதையில் இறங்குவதை நினைத்துப் பார்த்தால், இங்கே ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறேன் என்பது தங்களுக்குப் புரியும்.

கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயிண்டிலும் இதே நிதானம் தேவை. அதில் உள்ள சிலுவை வடிவ கிராஸின் நான்கு முனைக் கப்புகளிலும் கிரீஸ் வெளிவர வேண்டும். ஒன்றில் வந்தவுடன் விசையை விட்டுவிட்டால், மற்ற மூன்றும் காய்ந்தே கிடக்கலாம். வராத கப்பு இருந்தால் ஷாஃப்ட்டை அசைத்துக்கொடுத்து மீண்டும் மெதுவாக அடிக்க வேண்டும்.

ஆகவே, பிரேக்குக்கும் ஜாயிண்டுக்கும் இரண்டு வேகம் கொண்ட பேட்டரி கன் ஒன்றைத் தனியே வாங்குங்கள். பட்டறையில் ஏற்கெனவே உள்ள போல்ட் கழற்றும் பேட்டரி கன் எந்தக் கம்பெனியுடையதோ, அதே பேட்டரி பொருந்தும் கிரீஸ் கன்னாக இருந்தால் செலவு குறையும். பல கன்கள் கிரீஸ் அடைத்து விற்கும் சுமார் 400 கிராம் குழலான கார்ட்ரிட்ஜை நம்பி வடிவமைக்கப்பட்டவை. நம் கடைகளில் கிரீஸ் பெரும்பாலும் வாளியிலும் டின்னிலும்தான் கிடைக்கிறது. எனவே வாளியிலிருந்து உறிஞ்சி நிரப்பும் வசதியும், உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும் வால்வும் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்க வேண்டும். ஹோஸின் முனையில் நிப்பிளைக் கவ்விப் பூட்டிக்கொள்ளும் கப்ளர் இருந்தால் கிரீஸ் பக்கவாட்டில் பீறிடாது.

கிரீஸின் நிறத்தைப் பார்த்து வாங்கும் பழக்கத்தையும் நாம் விட வேண்டும். நிறம் வெறும் சாயம். லித்தியம் கிரீஸ் இருக்கும் இடத்தில் களிமண் கலந்து கெட்டியாக்கிய பெண்டோனைட் வகையை அடித்தால் இரண்டும் ஒத்துப்போகாமல் இளகி வழிந்துவிடக்கூடும். ஒரு கன்னுக்கு ஒரு கிரீஸ் என்று வைத்துக்கொண்டு, அதன் பெயரைக் கன்னின் மேலேயே எழுதி ஒட்டிவிடுவது நல்லது. தானாகவே சரிசெய்துகொள்ளும் ஆட்டோ ஸ்லாக் அட்ஜஸ்டருக்கு மட்டும் தயாரிப்பாளரின் கையேடு சொல்வதையே போட வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது தொழிலாளியின் கை. வெடித்த ஹோஸிலிருந்து பீறிடும் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அதற்கு லாரி டயரில் இருக்கும் 100 பிஎஸ்ஐ அளவு அழுத்தமே போதும். வெளியே ஊசி குத்தியது போன்ற ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் அதிகம் இருக்காது. ஆனால் சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரிடலாம். அடைத்துக்கொண்ட நிப்பிளோடு மல்லுக்கட்டாமல், அதைக் கழற்றிப் புதியதைப் போட வேண்டும், சில ரூபாய்தான். கன் ஓடும்போது ஹோஸைக் கையால் பிடிக்கக் கூடாது. அதன் மேல் ஸ்பிரிங் காப்பு இருக்க வேண்டும். விரிசல் கண்ட ஹோஸை அன்றே தூக்கி எறிய வேண்டும்.

சங்கங்களிடம் நான் கேட்பது இரண்டு. வண்டிக்கு இவ்வளவு என்று கிரீஸ் அடிப்பவருக்குக் கூலி கொடுக்கும் முறை இருக்கும் இடங்களில் அதை நாள் கூலியாக மாற்ற உறுப்பினர்களிடம் பேசுங்கள். அவசரத்துக்குக் கூலி கொடுத்துவிட்டு நிதானத்தை எதிர்பார்க்க முடியாது. அடுத்து, கன் விற்கும் நிறுவனத்தாரைச் சங்கக் கட்டடத்துக்கே அழைத்து, கழற்றி வைத்த பழைய ஆக்சில் ஒன்றில் கேம் ஷாஃப்ட் சீலை இரு திசைகளிலும் மாட்டிக் காட்டி, கிரீஸ் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பட்டறைத் தொழிலாளர்கள் நேரில் பார்க்க அரை நாள் ஏற்பாடு செய்யுங்கள். பழைய ஆக்சிலைக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும் லாரிப் பராமரிப்புத் தொழிலாளி